வயசு கேட்கலாம், ஜாதகம் கேட்கலாமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். இணையத்தில் வயதைக் கேட்கிறார்கள், ஆதார் கேட்கிறார்கள், முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள், என்ன செய்வது? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. ஒருவருக்கு ஊரையும் மாற்றியிருக்கிறேன். அவர் எழுதிய விஷயம் அப்படி.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் மாயவரத்தில் மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவில் 2003 முதல் 2015 வரை பிரவுசிங் சென்டர் நடத்தியவள். ஆறு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும். வயது சரிபார்ப்பு என்று இன்று ஊர் உலகமெல்லாம் பேசுகிற வேலையை நானே என் கல்லாவில் உட்கார்ந்து நாலு வருஷம் செய்திருக்கிறேன்.

என் மகளுக்கு 14 வயது. ராத்திரி ஒரு மணி வரை போன்தான். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சோஷியல் மீடியாவே கிடையாது என்று டிவியில் சொன்னார்கள். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வந்தால் என்னைப் போன்ற அம்மாக்கள் நிம்மதியாக இருப்போமே?
— ஒரு தாய், மன்னார்குடி

நியாயமான ஆசைதான். போர்வைக்குள்ளிருந்து போன் வெளிச்சம் தெரிகிற வீட்டில் பெற்றவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஆஸ்திரேலியச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப், எக்ஸ் போன்றவற்றில் 16 நிரம்பாதவர்கள் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் பிள்ளைக்கும் தண்டனை இல்லை, பெற்றவர்களுக்கும் இல்லை. நிறுவனத்துக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அதே டிசம்பரில் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், இப்படி ஒரு சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. அது யோசனைதான், சட்டம் இல்லை.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பது 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் கணக்கில் 18 நிரம்பாத எல்லாரும் குழந்தைகள். ஒரு நிறுவனம் குழந்தையின் விவரத்தைத் தொட வேண்டுமானால் பெற்றவரின் சம்மதம் வேண்டும், அது பெற்றவர் கொடுத்ததுதானா என்று சரிபார்க்கவும் வேண்டும். குழந்தை எதைப் பார்க்கிறது என்று பின்னாலேயே போய் விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. குழந்தைகள் பற்றிய பகுதிக்கு 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே.

விளம்பரத்துக்காகப் பிள்ளையைப் பின்தொடரக் கூடாது என்பதை மனதார வரவேற்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. சம்மதம் வாங்கும் இடத்தில்தான் எனக்குப் பயம். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு அம்மாவும் பெண்ணும் என் கடைக்கு வருவார்கள். அம்மா நடவு வயலிலிருந்து நேராக வந்திருப்பார், கால்விரல் இடுக்கில் சேறு காய்ந்திருக்கும். ஓடிபி வந்ததும் போன் அம்மா மடியிலிருந்து பெண்ணின் கைக்குப் போகும். “நாலு, ஏழு, ஒண்ணு...” என்று படித்துச் சொல்வது அந்தப் பெண்தான். அம்மா பெயரில் இருக்கும் ஜிமெயிலுக்குப் பாஸ்வேர்டும் அவளுக்குத்தான் தெரியும். நாளைக்கு ஒரு செயலி ‘பெற்றவர் சம்மதம் தேவை’ என்று கேட்டால், அந்த அம்மாவின் பெயரில் சம்மதம் கொடுக்கப்போவது யார்?

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகளை மட்டும் தனியாக நிறுத்திக் கேட்க முடியாது. வாசலில் எல்லாரையும் நிறுத்தினால்தான் யார் பிள்ளை, யார் பெரியவர் என்று தெரியும். உங்கள் மகளுக்காக வருகிற சட்டம் உங்களிடமும் அடையாளம் கேட்கும், உங்கள் மாமியாரிடமும் கேட்கும்.

மகள் விஷயத்தில் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். அவளுக்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ‘காலையில் அலாரம் வைக்கணும்’ என்பதுதான் முதல் சாக்காக வரும்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற என் ஆதாரைக் காட்டச் சொன்னால் காட்டிவிட்டுப் போகிறேன். இதற்குப் போய்த் தனியுரிமை, அது இது என்று ஏன் இவ்வளவு பேச்சு?
— கும்பகோணம்

ஐயா, 2012 வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2011 ஏப்ரலில் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வருகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். பெயர், முகவரி, போன் நம்பர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அதைக் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. அட்டை இல்லாத சின்னப் பிள்ளைகள், அட்டை உள்ள பெரியவரோடுதான் வர வேண்டும். நான் அப்படியே செய்தேன். நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா, நம்பர் போட்ட ஜெராக்ஸ் கட்டு. நோட்டு கல்லா மேலேயே திறந்து கிடக்கும். ஒருவர் எழுதி முடித்ததும் அவருக்குக் கீழே அடுத்தவர் எழுதுவார்.

மறு வருஷம் ஒரு பெண் நர்சிங் விண்ணப்பம் போட வந்தாள். நோட்டில் எழுதினாள், உட்கார்ந்தாள், பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றரை மாதம் கழித்து, மத்தியானம் கடை காலியாக இருந்த நேரத்தில் வந்து கல்லா முன்னால் நின்றாள்.

“அக்கா, என் நம்பரை நான் யாருக்குமே கொடுத்ததில்ல. உங்க நோட்டுல மட்டும்தான் எழுதினேன்.”

சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு எவனோ கூப்பிடுகிறான். பெயர் சொல்கிறான், தெரு சொல்கிறான், எந்தக் கிழமை நெட் சென்டருக்குப் போனாள் என்றும் சொல்கிறான். அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். வெளியூருக்குப் படிக்க அனுப்ப மாட்டேன் என்கிறார்.

நோட்டைப் புரட்டினேன். அன்று அவளுக்குப் பிறகு எழுதியவர்கள் பதினோரு பேர். எவன் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினோரு பேரும் அடையாள அட்டை காட்டியவர்கள்தான்.

அந்தப் பெண்ணிடம் மறைக்க என்ன இருந்தது, ஐயா?

அன்றே நோட்டை உள்ளே எடுத்து வைத்தேன். ஆளுக்கு ஒரு சீட்டு, எழுதி மடித்துப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும், சாவி என்னிடம். வருஷம் முடிந்த சீட்டுகளையும் ஜெராக்ஸ்களையும் போகியன்று வாசலில் கொளுத்தினேன். நடுவில் ஏதாவது வேகாமல் இருக்கிறதா என்று குச்சியால் கிளறிப் பார்த்தேன். அவள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசினேன். ஒரு வருஷம் வீணாகித்தான் நர்சிங்கில் சேர்ந்தாள். அந்த ஒரு வருஷம் என் கணக்கில் இருக்கிறது.

இன்று அந்த நோட்டு பல லட்சம் வரிகளோடு எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. 2025 அக்டோபரில், சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கக்கூடும் என்று டிஸ்கார்டு என்கிற அரட்டைச் செயலியின் நிறுவனமே அறிவித்தது. வயது சம்பந்தமான முறையீட்டுக்காக அனுப்பிய படங்கள் அவை. வாடிக்கையாளர் சேவைக்கென்று அமர்த்தியிருந்த வேறொரு நிறுவனத்தின் பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. படம் அனுப்பியவர்கள் அப்படி ஒரு நிறுவனம் இருப்பதையே அறிந்திருக்க மாட்டார்கள். நம் 2025 விதிகளிலும், அரசு கேட்டால் கொடுப்பதற்காக விவரங்களையும் பதிவுகளையும் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. எனக்குச் சொன்ன அதே ஒரு வருஷம். அது முடிந்ததும் குச்சியை எடுத்துக்கொண்டு கிளறிப் பார்க்கப் போவது யார்?

வயதைக் கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பிள்ளையைப் பார்த்து அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று முடிவு செய்கிறார். அப்பா பெயர், வீட்டு முகவரி எழுதி வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதில்லை. பார்த்தார், டிக்கெட் கிழித்தார், அடுத்த ஸ்டாப்பில் மறந்துவிட்டார். வயது தெரிய வேண்டிய இடத்தில் வயதை மட்டும் பார்த்துவிட்டு மறந்துவிடுகிற ஏற்பாடு இருந்தால் நானே முதல் ஆளாகக் காட்டுவேன்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைப் போட்ட புட்டசாமியும் உங்களைப் போல ஓய்வு பெற்றவர்தான். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், வழக்குப் போட்டபோது எண்பதைத் தாண்டியிருந்தார். அவரிடமும் மறைக்க ஒன்றும் இருந்திருக்காது.

எனக்கு 19 வயது, காலேஜ் படிக்கிறேன். ஒரு கேம் ஆப் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினேன். 15 வயது என்று சொல்லி, மற்றவர்களோடு பேசுகிற சாட் வசதியைப் பூட்டிவிட்டது. ஆதார் அனுப்பினால் திறக்குமாம். அனுப்பலாமா அக்கா?
— சீர்காழி

அனுப்பாதே தம்பி. ஒரு விளையாட்டின் சாட்டுக்கு ஆதார் அதிக விலை.

நடந்தது என்ன தெரியுமா? முகத்தை வைத்து வயதைக் கணிக்கிற முறை அது. பார்த்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஓரிரண்டு வருஷம், சில முகத்துக்கு இன்னும் அதிகமாகக்கூடத் தப்பும். 18க்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நிற்கிற உன் வயசுக்காரர்களுக்குத்தான் தப்பு அதிகம். தோல் நிறம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும் மாறும். நானும் பத்தாம் வகுப்புப் பையன்களை மீசை அரும்பியிருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விட்டேன், எத்தனையோ முறை ஏமாந்தும் போயிருக்கிறேன். ஆனால் நான் யாருடைய முகத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

இந்த முறை தப்பினால் அடுத்த படியாக அடையாள அட்டை கேட்பார்கள். டிஸ்கார்டில் மாட்டிக்கொண்டவர்கள் இந்தப் படியில் ஏறியவர்கள்தான். அதனால் எந்தச் செயலி கேட்டாலும் முதலில் தேடிப் படிக்க வேண்டியது: படத்தை வைத்திருப்பது அவர்களா, வேறு நிறுவனமா? எப்போது அழிப்பார்கள்? அட்டை இல்லாமல் வேறு வழி உண்டா? ஆஸ்திரேலியச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாகக் கேட்கக் கூடாது, வயதுக்காக வாங்கியதை அந்த வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் ஒரு செயலியைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. ‘18 தாண்டியவரா’ என்ற கேள்விக்கு ஆமாம் என்பதை மட்டும் தளத்துக்குச் சொல்லும், பெயரோ பிறந்த தேதியோ போகாது. கண்டக்டர் மாதிரிதான். நம் விதிகளிலும், அரசு ஆவணங்களைச் சேர்த்து வைக்கிற டிஜிலாக்கர் போன்ற இடத்திலிருந்து, அட்டைக்குப் பதிலாக ஒரு டோக்கன் மட்டும் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். அது நல்லபடியாக வந்தால் ஆதார் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியிருக்காது.

தமிழ்நாட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் மாநில அரசு விதி போட்டது. 18க்குக் கீழே கிடையாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கிடையாது, ஆதார் கட்டாயம். ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய சட்டம் வந்து பண விளையாட்டையே தடை செய்துவிட்டது. தடை நல்லதுதான். அந்த விளையாட்டில் நிலத்தை அடகு வைத்தவர்களுக்கு நான் பத்திர நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அப்போது கொடுத்த ஆதார் விவரம் என்ன ஆயிற்று என்று என் கடைக்கு வந்து கேட்கிறவர்களுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மகன் லண்டனில் இருக்கிறான். அங்கே நெட்டில் வயது கேட்கிறார்கள் என்று விபிஎன் போட்டுக்கொண்டானாம். எனக்கும் ஒன்று போட்டுத் தருகிறேன் என்கிறான். போட்டுக்கொள்ளலாமா?
— குத்தாலம்

பிரிட்டனில் 2023ஆம் ஆண்டின் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டப்படி, ஆபாசத் தளங்கள் 2025 ஜூலை 25 முதல் வயதை உறுதியாகச் சரிபார்க்க வேண்டும். தவறினால் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். மற்றத் தளங்களும் சில பகுதிகளுக்கு வயது கேட்க ஆரம்பித்தன. அந்த வாரமே அங்கே அதிகம் இறக்கப்பட்ட செயலிகளில் விபிஎன்கள் மேலே வந்துவிட்டன. சட்டத்தையே திரும்பப் பெறச் சொல்லி ஐந்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தை இன்னொருவர் வீட்டு வழியாகத் திருப்பிவிடுவது. வெளியே இருப்பவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், அந்த வீட்டுக்காரருக்குத் தெரிவீர்கள். காசு வாங்காமல் வழி விடுகிறவர் எதை வைத்துப் பிழைக்கிறார் என்று யோசியுங்கள். இந்தியாவில் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு வந்தது, சிலர் இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பேரனோடு வீடியோ கால், செய்தி, கோயில் அபிஷேக ஒளிபரப்பு, அவ்வளவுதான் உங்கள் தேவை. உங்களுக்கு அது வேண்டாம்.

வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது. ‘வயது சரிபார்ப்பு, புதிய அரசு விதி, 24 மணி நேரத்தில் கணக்கு நிறுத்தப்படும், ஆதார் முன்பின் படமும் செல்ஃபியும் அனுப்பவும்’ என்று. பையன் அவசரத்தில் என் ஆதாரை அனுப்பிவிட்டான். இப்போது பயமாக இருக்கிறது.
— ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பையனைத் திட்டாதீர்கள். விதி என்றதும் பயந்து கொடுத்திருக்கிறான். நிஜமாக ஒரு சட்டம் வரும்போது அதன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிற கூட்டமும் கூடவே வரும். எந்த அரசும் வாட்ஸாப்பில் செல்ஃபி கேட்காது.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். போகாவிட்டாலும் சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் தளத்தில் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டுகிற வசதி இருக்கிறது, அதை இன்றே செய்யுங்கள். ரேகை வைத்துக் காசு எடுக்க வேண்டிய நாளில் மட்டும் திறந்துகொள்ளலாம். விவரம் கேட்க 1947. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் வாங்காத நம்பர் இருந்தால் அங்கேயே சொல்லலாம். இதெல்லாம் சிரமமாக இருந்தால் பக்கத்து இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

நெல் போடக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் என்று கட்டாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டோம். அறுவடை நாளில் என் மெஷின் சூடு ஆறுவதே இல்லை. கொடுக்கிற ஒவ்வொரு நகலிலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எண் முழுதாகத் தேவைப்படாத இடத்துக்கு, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதார் நகலை அதே ஆதார் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். என் கடையில் கேட்டால் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கிறேன். இன்ஸ்டாவில் அண்ணன் பிறந்த வருஷத்தைப் போட்டு அக்கவுண்ட் திறந்தேன். புதுச் சட்டம் வந்தால் போலீஸ் வருமா ஆன்ட்டி? அம்மாவிடம் சொல்லவில்லை.
— வேதாரண்யம்

போலீஸ் வராது கண்ணு. நிம்மதியாகத் தூங்கு.

13 ஆனால்தான் இன்ஸ்டாவில் அக்கவுண்ட் திறக்கலாம் என்கிற எல்லை எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் 1998இல் ஒரு சட்டம் போட்டார்கள். 13 வயது ஆகாத பிள்ளையிடம் பெற்றவர் சம்மதம் இல்லாமல் விவரம் வாங்கக் கூடாது என்று. எதற்கு வம்பு என்று கம்பெனிகள் 13 ஆனவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டன. அன்றிலிருந்து உன்னைப் போல எத்தனையோ பிள்ளைகள் வருஷத்தை மாற்றிப் போட்டுத்தான் உள்ளே போனார்கள்.

ஆனால் அதில் உனக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது. 18 ஆகாதவர்களின் அக்கவுண்டை இன்ஸ்டாகிராம் தானாகவே பிரைவேட் ஆக்கிவிடும், தெரியாத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது. நீ அண்ணன் வருஷத்தைப் போட்டதால் உன்னைப் பெரிய ஆள் என்று நினைத்து அந்தப் பூட்டைப் போடாமல் விட்டிருக்கும். யாராவது தெரியாத ஆள் பேசியிருந்தால், போட்டோ கேட்டிருந்தால், அது உன் தப்பு இல்லை. அழிக்காமல் அப்படியே வைத்து அம்மாவிடம் காட்டு.

இன்றைக்குச் சாயங்காலம் அம்மா பூக்கட்டும்போதோ சமைக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடு. வாய் வரவில்லையென்றால் இந்தப் பக்கத்தைத் திறந்து கையில் கொடு. அம்மா, நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் ஐந்து நிமிஷம் திட்டாமல் கேளுங்கள். பிறகு அந்த அக்கவுண்டை மூடிவிட்டு, இப்போது வேண்டுமா, இன்னும் இரண்டு வருஷம் போகட்டுமா என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள்.

கண்ணு, உன் கடிதத்தில் வீட்டு முகவரி, பள்ளிக்கூடத்துப் பெயர், அம்மா நம்பர் எல்லாம் எழுதியிருந்தாய். பதில் எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.